சனிக்கிழமை அதிர்ஷ்டம்

எழுத்தாளர்களிடம் அபிமானம் கொண்டவர்களை மூன்று ரகமாகப் பிரிக்கலாம். முதல் ரகத்தார் கடிதம் எழுதுகிறவர்கள். தொடர்கதையில் கதாநாயகிக்கு ஜுரம் என்றால், அடுத்த தபாலிலேயே கஷாயத்துக்குக் குறிப்பு அனுப்பிவிடுவார்கள். இரண்டாவது ரகத்தார் நேரிலேயே போய் நிற்கிறவர்கள். கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு, எழுத்தாளர் எந்த வாசல் வழியாக வெளியே வருவார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். மூன்றாவது ரகத்தார் ஈஸிசேரில் சாய்ந்தபடி படித்து, "பேஷ்!" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, புத்தகத்தை மார்பில் கவிழ்த்துத் தூங்கிவிடுகிறவர்கள். நான் இந்த மூன்றாவது ரகம்.

இரண்டாவது ரகத்தாரை நினைத்தாலே எனக்கு அசதி வந்துவிடும். 1867 டிசம்பரில் சார்லஸ் டிக்கன்ஸ் தம் கதைகளை மேடையில் வாசித்துக் காட்ட நியூயார்க் சென்றபோது, டிக்கெட்டுக்காக ஜனங்கள் முதல் நாள் இரவே வந்து, கடும் குளிரில் தெருவிலேயே காத்துக் கிடந்தார்கள். நானாக இருந்தால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மறுநாள் பத்திரிகையில் செய்தி படித்துத் திருப்தி அடைந்திருப்பேன்.

நான் அபிமானம் வைத்த எழுத்தாளரும் எனக்குப் பொருத்தமானவர்தான். ரஸ்கின் பாண்ட் என்றால் உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குத் தெரியும். பள்ளிக்கூட ஆங்கிலப் பாடப் புத்தகங்களில் அவருடைய கதை வந்திருக்கிறது. 1934ல் கசௌலியில் பிறந்தவர். பத்து வயதில் தந்தையை இழந்தார். பதினேழாவது வயதில் எழுதத் தொடங்கிய முதல் நாவல் 1956ல் லண்டனில் வெளியாயிற்று. மறு வருஷம் அதற்குப் பரிசும் கிடைத்தது. அந்த வயதில் அத்தனை புகழ் வந்தால் லண்டனிலேயே தங்கிவிடத் தோன்றும் அல்லவா? அவரோ இந்தியாவுக்குத் திரும்பி, 1960களில் மசூரி மலைக்குக் குடிபெயர்ந்து, அதற்கு மேலே உள்ள லாண்டூரில் நிலைத்துவிட்டார். கையாலேயே எழுதுகிறவர். மத்தியானத் தூக்கம் தமக்கு மிகவும் பிடிக்கும் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியும் இருக்கிறார். இப்படிப்பட்டவரிடம் எனக்கு அபிமானம் ஏற்பட்டதில் ஆச்சரியம் உண்டா?

ஆனால் அவரை எனக்கு முதன்முதலில் அறிமுகம் செய்துவைத்தவள் என் அம்மா. அம்மா பள்ளி இறுதி வகுப்பு வரை தமிழில் படித்தவள். நான் ஆங்கிலப் பாடத்தைச் சத்தம் போட்டுப் படிக்கும்போது, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாள் பாண்டின் கதை வந்தது. ஒரு பையன் செர்ரிப் பழத்தின் கொட்டையைத் தோட்டத்தில் ஊன்றி, மரமாக வளர்க்கும் கதை. எங்களுக்குத் தெரிந்த செர்ரி, கேக்கின் உச்சியில் வைக்கிற சிவப்புப் பழந்தான். "ஏண்டி, அதற்கு மரம் கூட உண்டா? இன்னொரு தடவை படி" என்றாள் அம்மா. இரண்டாவது தடவை படித்தேன். மூன்றாவது தடவை, என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, எழுத்துக் கூட்டி அவளே படித்தாள்.

அதைப் பார்த்துவிட்ட பாட்டி, "பட்டப்பகலில் பொம்மனாட்டிக்குப் புத்தகமா? சோம்பேறித்தனம்!" என்றாள். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஏழு பேருக்குச் சமைத்தவளுக்குக் கிடைத்த பட்டம் அது! இதைப் படிக்கும் சகோதரிகளில் எத்தனை பேருக்கு அந்தப் பட்டம் கிடைத்திருக்கிறதோ?

எங்கள் வீட்டுப் புத்தகங்களில் எல்லாம் அப்பாவின் பெயர் இருக்கும். இல்லாவிட்டால் வாசகசாலையின் முத்திரை இருக்கும். அம்மாவின் பெயர் ரேஷன் கார்டில் உண்டு. கல்யாணப் பத்திரிகை வந்தால் உறையின் மேல் 'திருமதி' போட்டு, பக்கத்தில் அப்பாவின் பெயர். அவள் பெயர் எழுதிய புத்தகம் ஒன்று கூடக் கிடையாது.

நிற்க. 2018 ஜூன் மாதம் குடும்பத்தோடு மசூரி போயிருந்தோம். ஒரு சனிக்கிழமை காலை எல்லோரும் கெம்ப்டி நீர்வீழ்ச்சிக்குக் கிளம்பினார்கள். "அண்ணி, இவ்வளவு தூரம் வந்துவிட்டு அறையிலா உட்கார்ந்திருப்பீர்கள்?" என்று நாத்தனார் கேட்டாள். தண்ணீர் விழுவதைப் பார்க்க அத்தனை படிகள் இறங்கி ஏற வேண்டுமா என்று நான் கட்டிலை விட்டு அசையவில்லை.

மத்தியானத் தூக்கம் முடிந்ததும் டீ குடிக்கலாமென்று மால் ரோடில் நடந்தேன். மேகம் தெருவுக்கே இறங்கி வந்திருந்தது. குல்ரி கடைத்தெருவில், கேம்ப்ரிட்ஜ் புக் டிப்போ என்ற புத்தகக் கடையின் வாசலில் நீண்ட வரிசை. வரிசை என்றால் அடுத்த சந்தில் திரும்பிவிடுவது என் வழக்கம். அங்கே சந்து இல்லை. ஆகவே, கையில் சிறுமியைப் பிடித்திருந்த ஓர் அம்மாளிடம் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் விசாரித்தேன். "பாண்ட் சாஹேப்" என்று உள்ளே கையைக் காட்டினாள்.

பல வருஷங்களாகவே, சனிக்கிழமை பிற்பகலில் அவர் லாண்டூரிலிருந்து இறங்கி வந்து, அந்தக் கடையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது வழக்கமாம். ஊர் அறிந்த விஷயம். ஊருக்கே தெரிந்தது, அவருடைய புத்தகங்களைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கும் எனக்குத் தெரியாது! சோம்பேறிக்குக் கால் முளைத்தது. வரிசையில் நின்றேன், முக்கால் மணி நேரம் நின்றேன்.

எனக்குப் பிடித்த அவருடைய புத்தகம் சென்னையில் அலமாரியில் இருந்தது. அதனால் கடையில் வேறொன்று வாங்கினேன். 1992ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'அவர் ட்ரீஸ் ஸ்டில் க்ரோ இன் டேரா'. டேராடூனில் மரங்கள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன என்பது தலைப்பின் பொருள். மரம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் கை தானாக அதை எடுத்தது.

மேஜைக்கு அருகில் வந்துவிட்டேன். சிவந்த முகம், மூக்குக் கண்ணாடி, நம் வீட்டுத் தாத்தாவைப் போல உருண்டையான தோற்றம். எண்பத்து நான்கு வயது. யார் பெயருக்கு என்று கேட்டார். என் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. இருபது வருஷ அபிமானி நான். நின்ற கால் என்னுடையது. கொடுத்த பணமும் என்னுடையது. ஆனால் வாயிலிருந்து வந்தது அம்மாவின் பெயர்.

அம்மாவின் பெயர் நீளமானது. எனக்குப் பின்னால் முப்பது பேர் நின்றிருந்தார்கள். அவரோ அவசரப்படாமல், நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்லக் காத்திருந்து, ஒன்றுகூட விடாமல் எழுதினார்.

சென்னைக்கு வந்து புத்தகத்தைக் கொடுத்தேன். அம்மா முதல் பக்கத்தைத் திறந்தாள். தன் பெயரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பழுப்புக் காகிதம் எடுத்துவந்து அட்டை போட்டாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பட்டப்பகலில், கூடத்தில் உட்கார்ந்து நான்கு மாதத்தில் படித்து முடித்தாள். ஒரு நாள் எதிர் வீட்டு மாமி இரவல் கேட்டாள். சர்க்கரை, உறைமோர், குடை எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லி அறியாத என் அம்மா, "அது மட்டும் முடியாது, மாமி. வேண்டுமானால் இங்கேயே உட்கார்ந்து படியுங்கள்" என்றாள்.

இதைச் சொன்னால் சிநேகிதிகள், "உனக்கு அதிர்ஷ்டம்!" என்கிறார்கள். வாஸ்தவந்தான். ஆனால் அந்த அதிர்ஷ்டத்தை யார் செய்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். மத்தியானத் தூக்கத்தில் அத்தனை ஆசை வைத்த ஒருவர், சனிக்கிழமை தோறும் அதை விட்டுவிட்டு மலையிறங்கி வந்தார். ஒரு கடைக்காரர் அவருக்காக நாற்காலி போட்டு வைத்தார். அவர்கள் வாரந்தவறாமல் நடந்துகொண்டதுதான், வழி தவறி வந்த எனக்கு அதிர்ஷ்டமாயிற்று. 2020ல் கொரோனா வந்து ஊரெல்லாம் அடைபட்டபோது அந்த வரிசையும் நின்றது. அப்போதுதான், அத்தனை வருஷம் அது நடந்ததன் அருமை எனக்குப் புரிந்தது.

சகோதரிகளே, யாராவது உங்களுக்குப் புத்தகம் பரிசளித்தால், முதல் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். கணவர் பெயரும் வேண்டாம், குழந்தைகள் பெயரும் வேண்டாம். எழுத்து நீளமாக இருந்தால் இருக்கட்டும், எழுதுகிறவர் காத்திருப்பார்.