பாட்டியின் மூணு புள்ளி

கிரீம்ஸ் ரோடு என்றாலே நமக்கு ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். 2025 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, ஆயிரம் விளக்கு மெட்ரோவில் இறங்கி நான் போனது அதே ரோட்டில் இருக்கும் லலித் கலா அகாடமிக்கு. சென்னை போட்டோ பியனாலே, நான்காவது எடிஷன். தலைப்பே கேள்விதான்... ஏன் போட்டோ எடுக்கணும்? "இன்டர்னல்ஸ்ல வராத ஒரே கேள்வி மச்சி" என்று கழன்றுகொண்டான் ரூம்மேட்.

உள்ளே சுனில் குப்தாவின் படங்கள். அரை நூற்றாண்டு உழைப்பு. அவர் ஆரம்பித்த காலத்தில் ஒரு ஃபிலிம் ரோலில் 36 படம்தான். நானோ வாசலைத் தாண்டுவதற்குள் 40 எடுத்துவிட்டேன்! சுவரைக் கண்ணால் பார்த்தவர்களைவிட மொபைலால் பார்த்தவர்களே அதிகம். ஒரு முகத்தின் முன்னால் மட்டும் கால் நின்றுவிட்டது. சுருக்கம், தழும்பு, எதையும் யாரும் துடைக்கவில்லை.

எனக்குப் பாட்டி ஞாபகம்.

தஞ்சாவூர் பெரிய கோயில் நந்தி பக்கத்தில் உட்காரவைத்து நான் எடுத்த படம் அது. பாட்டி இறந்த அன்று மாலை போடுவதற்கு அதைத்தான் பெரிதாக்கிக் கொண்டுவந்தோம். அம்மா ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "இது யாருடா?" என்றாள். மொபைலில் பியூட்டி மோட் ஆனில் இருந்திருக்கிறது. சுருக்கமெல்லாம் போய் மெழுகு பொம்மை மாதிரி முகம். தாடையில் பச்சை குத்திய மூணு புள்ளியை மரு என்று நினைத்து அழித்துவிட்டது சாஃப்ட்வேர். இமேஜ் பிராசஸிங் பேப்பரில் நல்ல மார்க் வாங்கியவன் நான்!

இதை அங்கே பக்கத்தில் நின்ற ஓவியக் கல்லூரி அக்காவிடம் சொன்னேன். "இது இன்னிக்கு நேத்து வந்ததில்ல தம்பி. உங்க ஊர் கோயிலுக்கே மேக்கப் போட்டிருக்காங்க" என்றார். 1858-ல் கம்பெனி ராணுவத்தின் கேப்டன் லின்னேயஸ் டிரைப் பெரிய கோயிலைப் படம் எடுத்தார். அன்றைய பேப்பர் நெகடிவில் வானம் வெறும் வெள்ளையாக விழும். அவர் நெகடிவ் மேலேயே பிரஷ்ஷால் மேகம் வரைவாராம். அதே டிரைப், கோயிலின் கல்வெட்டை ஓர் எழுத்தும் விடாமல் காட்ட 21 பிரிண்ட்களை ஒட்டி நீளப் படமாக்கியும் இருக்கிறார். மேகம் பொய், எழுத்து நிஜம். அவர் கையால் செய்தார், எதைத் தொடணும் என்று அவருக்குத் தெரியும். என் மொபைலோ என்னைக் கேட்கவே இல்லை. (செட்டிங்ஸை நான் பார்க்கவில்லை என்பதும் உண்மை.)

அன்று ராத்திரி ஹாஸ்டலில் 11,000 படங்களையும் தள்ளித் தள்ளித் தேடினேன். மூணு மணிக்குக் கிடைத்தது. முறுக்கு சுடும்போது பாட்டி திரும்புகிற படம், லேசாக ஆடியது. மெஸ் பில்லுக்கு வைத்திருந்த காசில் பிரிண்ட் போட்டு ஊருக்கு அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து அம்மா போன். "மூணு புள்ளியும் இருக்குடா."