மேலே போன அணி

பூன், வட கரோலினா
அக்டோபர், சனிக்கிழமை இரவு

அன்புள்ள செல்வம்,

சார்லட் நகரிலிருந்து இரண்டு மணி நேரம் மலையேறி நேற்று இங்கே வந்தேன். 3,300 அடி உயரத்தில் சின்ன ஊர். மலைச்சரிவெல்லாம் இலைகள் மஞ்சளும் சிவப்புமாகப் பழுத்துக் கிடக்கின்றன. ஊரின் உயிர் அப்பலாச்சியன் ஸ்டேட் பல்கலைக்கழகம். 1899இல் இரண்டு சகோதரர்கள் மலைப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த பள்ளி, இன்று 21,000 மாணவர்களுக்கு மேல் படிக்கும் இடமாகியிருக்கிறது.

போன வாரம் போனில் கேட்டாயே: “காலேஜ் டீம் மேலே போறதுன்னா என்னடா? குறுவட்டத்தில ஜெயிச்சு மாவட்டத்துக்குப் போற மாதிரியா?” இல்லை செல்வம். இங்கே ஜெயித்தால் மட்டும் போதாது, பணமும் கட்டவேண்டும்.

அமெரிக்கன் ஃபுட்பாலில் பெரிய பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே இரண்டு தட்டு உண்டு. மேல் தட்டு எஃப்.பி.எஸ்., கீழ்த் தட்டு எஃப்.சி.எஸ். இந்த ஊர் அணி கீழ்த் தட்டில் ராஜாவாக இருந்தது. 2005, 2006, 2007 என்று மூன்று வருடம் தொடர்ந்து சாம்பியன். அந்த மூன்றாவது வருடம், செப்டம்பர் 1 அன்று, மேல் தட்டிலிருந்த மிச்சிகன் பல்கலைக்கழகத்தோடு ஆடப் போனது. மிச்சிகன் அப்போது தரவரிசையில் 5வது இடம்; ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரும் மைதானம். இந்த மாதிரி ஆட்டத்தை ‘கியாரண்டி கேம்’ என்கிறார்கள்: பெரிய அணி பணம் கொடுத்துச் சின்ன அணியை அழைக்கும், சின்ன அணி தோற்றுவிட்டுக் காசோலையோடு ஊர் திரும்பும். மிச்சிகன் கொடுத்தது 4 லட்சம் டாலர். இவர்களோ 34-32 என்று ஜெயித்துவிட்டார்கள். கடைசி நொடிகளில் மிச்சிகன் உதைத்த பந்தைக் கோரி லிஞ்ச் என்ற வீரர் குறுக்கே பாய்ந்து தடுத்தார். அன்று ஊரில் இருந்த மாணவர்கள் இங்குள்ள காலி மைதானத்துக்குள் புகுந்து, கோல் கம்பத்தைப் பிடுங்கி, துணைவேந்தர் வீட்டு வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்களாம்.

ஏழு வருடம் கழித்து, 2014இல், சன் பெல்ட் என்ற கூட்டமைப்பு அழைக்க, மேல் தட்டுக்குப் போனார்கள். அதன் கணக்கைக் கேள். அன்று கீழ்த் தட்டில் ஃபுட்பாலுக்கு 63 பேர் அளவுக்குத்தான் உதவித்தொகை தரலாம், மேலே 85 பேருக்கு. ஆண்களுக்கு அவ்வளவு கூடினால் பெண்கள் விளையாட்டிலும் கூட்டியாக வேண்டும். 1972ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. லூசியானா, டெக்சாஸ் என்று பயணச் செலவு வேறு. அப்போது மேலே போக விண்ணப்பக் கட்டணம் 5,000 டாலர். 2023இல் அதை 50 லட்சம் டாலர் ஆக்கிவிட்டார்கள்.

இந்தப் பணத்தில் ஒரு பங்கு கொடையாளர்களுடையது. இங்கே அவர்களுக்கு ‘யோசெஃப் கிளப்’ என்று ஒரு சங்கம். யோசெஃப் இந்த அணியின் சின்னமான தாடிக்கார மலைவாசி. ‘யுவர்செல்ஃப்’ என்பதை மலைக்காரர்கள் சொல்லும் விதத்தில் பிறந்த பெயர். கொடுக்கிற தொகைக்கு ஏற்பப் புள்ளிகள். புள்ளிகளுக்கு ஏற்ப இருக்கையும் கார் நிறுத்த இடமும். இன்று காலை அந்தக் கார் நிறுத்துமிடத்தில் கறுப்பும் தங்கநிறமும் உடுத்திய ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டுச் சாப்பிட வைத்தார். மிச்சிகன் ஆட்டத்துக்கு முன்பு வெளியூரில் தன் கல்லூரிப் பெயரைச் சொன்னால் எங்கே இருக்கிறது என்று கேட்பார்களாம். “இப்போது யாரும் கேட்பதில்லை” என்றார். அவர் கண் கலங்கியது.

அந்தக் கண்ணீரை நான் குறைத்து மதிக்க மாட்டேன். பெயர் தெரிந்தால் விண்ணப்பம் கூடும், விண்ணப்பம் கூடினால் சேர்க்கை கூடும் என்பது இங்கே பல கல்லூரிகளின் நம்பிக்கை. அழைக்கும் தொகையும் கூடியது: 2022இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 15 லட்சம் டாலர் கொடுத்து அழைத்தது. அங்கேயும் 17-14 என்று ஜெயித்து வந்தார்கள்.

ஆனால் கொடையாளர் பணம் மட்டும் போதவில்லை. ஒவ்வொரு மாணவரின் கட்டணத்திலும் விளையாட்டுக்கென்று வருடம் சில நூறு டாலர் போகிறது, அவர் மைதானத்தை எட்டிப் பார்க்காவிட்டாலும். 2020இல் கொரோனாவால் வருமானம் சுருங்கியபோது ஆண்கள் சாக்கர், டென்னிஸ், உள்ளரங்கத் தடகளம் மூன்றையும் நிறுத்தினார்கள். ஃபுட்பால் மட்டும் தப்பியது. சாக்கர் ஆடிய பையன்களும் ராக்கெட் பிடித்த பையன்களும் தொடர்ந்து ஆட வேறு கல்லூரி தேடவேண்டியதாயிற்று. அவர்களும் இதே கறுப்பு, தங்கநிறச் சட்டை போட்டவர்கள்தானே?

மாலையில் ஆட்டம் முடிந்து முப்பதாயிரம் பேர் இறங்கிப் போகும்போது எனக்கு உன் பள்ளி நினைவுதான். பழைய மாணவர்கள் கிரிக்கெட் வலைக்குப் பணம் தருவதாகச் சொல்கிறார்கள் என்றாய். வாங்கிக்கொள். ஊர்க்காரன் தன் பள்ளிக்குக் கொடுப்பது நல்ல காரியம். கையெழுத்துப் போடுமுன் ஒன்று மட்டும் கேள்: வலை கட்டும் இடம் கோ-கோ பிள்ளைகள் ஓடும் இடமா? ஆமென்றால், அவர்களுக்கு வேறு இடம் கிடைத்த பிறகு வலையைக் கட்டு.

அன்புடன்,
மாணிக்கம்