உரோமையின் திருப்படிகள்

உரோமை நகரில் புனித யோவான் லாத்தரன் பேராலயத்தைத் தரிசித்து வெளியே வந்து சாலையைக் கடந்தால், திருப்படிக்கட்டு உள்ள கட்டடத்தை அடையலாம். பேராலயத்தின் மாட்சியைக் கண்ட கண்களுக்கு அது எளிமையாகவே தோன்றும். உள்ளே 28 பளிங்குப் படிகள். பிலாத்துவின் அரண்மனையில் நம் ஆண்டவர் ஏறிய படிகள் இவை என்பதும், புனித எலேனம்மாள் எருசலேமிலிருந்து இவற்றைக் கொணர்ந்தார் என்பதும் தொன்மரபு. சான்று கேட்போரோடு வாதிட நாம் முற்படவில்லை. 1589-இல் பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் இவற்றை இப்போதுள்ள இடத்தில் அமைத்தார் என்பது வரலாறு.

இப்படிகளில் முழந்தாளிட்டே ஏறவேண்டும். பளிங்கு தேய்வதைத் தடுக்க 1723-இல் மரப்பலகையால் மூடினர். பழுதுபார்த்தபின், 2019 ஏப்ரல் முதல் ஜூன் வரை பலகையின்றித் திறந்து வைத்தனர். அந்நாட்களில் அங்கே செல்லும் பேறு நமக்குக் கிட்டியது. படிகளின் நடுவே உழவுசால் போன்ற பள்ளங்கள்! தலைமுறை தலைமுறையாகப் பாவப் பரிகாரம் தேடி வந்தோர் தேய்த்த பள்ளங்கள் அவை.

படிக்கொரு செபமாக ஏறினோம். பத்துப் படிக்குள் முழங்கால் நோகத் தொடங்கிற்று. உள்ளபடி சொன்னால், இவ்வளவு பாவத்திற்கு இவ்வளவு நோவு போதாதா என்று மனம் பேரம் பேசியது. நிமிர்ந்தபோது மேலே சிலுவைக் காட்சி ஓவியம். ஈடு அங்கே செலுத்தப்பட்டுவிட்டது. அவரோடு சேராத நம் நோவுக்கு ஒரு காசு மதிப்புமில்லை. அப்படியானால் நம்மிடம் கேட்கப்படுவது என்ன? ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்த சக்கேயு நினைவுக்கு வந்தார். அவரைத் தொடர்ந்து நம் தம்பியும் நினைவுக்கு வந்தான்.

தந்தையார் மறைந்தபின் நடந்த பாகப்பிரிவினையில், மூத்தவர் என்ற உரிமை பேசிக் கிணற்றடி நிலத்தை நம் பெயருக்கு எழுதிக்கொண்டோம். பாவசங்கீர்த்தனத்தில் அதைப் பலமுறை அறிக்கையிட்டதுண்டு. குருவானவர் மன்னிப்பு வழங்கினார், திருப்பிக் கொடுக்கவும் சொன்னார். நிலமோ நம்மிடமே இருந்தது.

எஞ்சிய படிகளை எவ்வாறு ஏறினோம் என்பது நினைவில்லை. உச்சியில் பாப்பரசர்களின் பழைய சிற்றாலயம் இருக்கிறது. கம்பிச் சன்னலின் வழியே அதைக் கண்டு வணங்கினோம். இறங்குவதற்குப் பக்கத்தில் வேறு படிகள் உண்டு. அவற்றில் நடந்தே இறங்கலாம்.

அன்று மாலை தம்பியைத் தொலைபேசியில் அழைத்தோம். திருப்படி ஏறியதைச் சொல்லி, ஊர் திரும்பியதும் பத்திரப்பதிவு அலுவலகத்திற்கு வரவேண்டுமென்றும், எதற்காக என்றும் சொன்னோம். நெடுநேரம் மறுமொழியில்லை. பின்னர், “முழங்கால் ரொம்ப வலிக்குதாண்ணே?” என்று மட்டும் கேட்டான்.