குட்டிக் குதிரையின் பசி

திருவனந்தபுரத்தில் குதிரைகளைக் கூட்டமாகப் பார்க்க வேண்டுமானால் பத்மநாப சுவாமி கோயிலுக்கு அருகே உள்ள புத்தன் மாளிகைக்குத்தான் போக வேண்டும். சுவாதித் திருநாள் மகாராஜா 1840களில் கட்டிய அந்த அரண்மனையின் கூரைக்குக் கீழே 122 குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் மரத்தில் செதுக்கியவை. ஊர்க்காரர்களுக்கு அது குதிரை மாளிகை. உயிருள்ள குதிரை என்றால் போலீசின் குதிரைப் படைதான் நினைவுக்கு வரும். முப்பது வருடங்களாகக் கரமனையில் குடியிருந்தும் ஒரு குதிரை மூச்சு விடுவதை நான் பக்கத்தில் நின்று கேட்டது, 2022இல் அடுத்த வீட்டுக்கு அம்மு வந்த பிறகுதான்.

அம்மு ஆறு மாதப் பெண்குட்டி. 'மினியேச்சர்' வகை. அமெரிக்காவில் இந்தக் குதிரைகளுக்கென்று உள்ள சங்கம், பிடரி மயிர் முடியும் இடத்தில் உயரம் 34 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. சிறியதோடு சிறியதைச் சேர்த்துத் தலைமுறை தலைமுறையாக உருவாக்கிய உருவம் இது. அர்ஜென்டினாவில் ஃபலபெல்லா என்ற குடும்பம் வளர்த்தெடுத்த இனத்துக்கு அந்தக் குடும்பத்தின் பெயரே நிலைத்துவிட்டது.

அடுத்த வீட்டுச் சேட்டன் வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பியவர். பேரக் குழந்தைகளுக்காக வாங்கினார். தாயிடமிருந்து பிரித்து, இரண்டு நாள் லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். தெருவே வந்து பார்த்தது. "பெரிய நாய் மாதிரி இருக்கிறதே!" என்றார்கள். அந்த ஒப்பீட்டில்தான் ஆபத்து இருந்தது.

எடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட வாரம் அம்மு சாப்பிடுவதை நிறுத்தியது. புல்லை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. நாய் ஒரு நாள் பட்டினி கிடந்தால் யாரும் பதறுவதில்லை. "வயிறு சரியில்லை, நாளைக்குத் தின்னும்" என்றார் சேட்டன். மறுநாளும் தின்னவில்லை. ஷெட்டின் மூலையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. சாணமும் விழவில்லை.

உடனே வைத்தியர்கள் முளைத்தார்கள். பால்காரர் மாட்டுத் தீவனம் கொண்டுவந்தார். இன்னொருவர் மூங்கில் குழாயில் கஷாயம் புகட்டலாம் என்றார். கேரளத்தில் எல்லோருக்கும் பசுவைப் பற்றித் தெரியும், யானையைப் பற்றி அதைவிட அதிகம் தெரியும். குதிரையைப் பற்றித் தெரிந்த ஒருவர் அந்தத் தெருவில் இல்லை. தெரியாத மிருகத்துக்குத் தெரிந்த மிருகத்தின் வைத்தியத்தைச் செய்யப் பார்த்தார்கள்.

அன்றிரவு மழையில் நனைந்துகொண்டே வந்தார் ஒரு பெண் டாக்டர். மண்ணுத்தி கால்நடைக் கல்லூரியில் படித்தவர். தீவன மூட்டையைப் பார்த்ததும் முதல் வேலையாக அதை வெளியே வைக்கச் சொன்னார். சில மாட்டுத் தீவனங்களில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும், மாட்டுக்கு ஒன்றும் செய்யாத அந்த அளவு குதிரையின் இதயத்தைத் தாக்கும் என்றார். கஷாயத்தையும் தடுத்தார். சோர்ந்து நிற்கும் குட்டியின் வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குப் போய்விடலாம். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது திரும்பி வராது.

உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். கழுத்துத் தோலைக் கிள்ளி, அது எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்குப் போகிறது என்று கவனித்தார். விலாப்புறத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு என் காதிலும் மாட்டினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "அதுதான் பிரச்சினை" என்றார். ஆரோக்கியமான குதிரையின் வயிறு ஓயாமல் இரைந்துகொண்டிருக்குமாம்.

கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்து ஒரு குழாயில் நிற்க வைத்தார். சிவப்பு கீழே தங்கியதும் மேலே தெளிவாக மஞ்சள் நீர் நிற்க வேண்டும். அங்கே நின்றது பால் போன்ற வெள்ளை. சேட்டனின் மனைவி அதைப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

டாக்டர் விளக்கினார். பட்டினி கிடந்தால் எந்த உடம்பும் சேமித்த கொழுப்பைக் கரைக்கும். குட்டை இனக் குதிரைகளிலும் கழுதைகளிலும் அந்தக் கரைசல் கட்டுக்கடங்காமல் போய்விடும். ரத்தம் கொழுப்பால் நிறையும். கல்லீரல் அதைச் சமாளிக்க முடியாமல் திணறும். ஈரல் கெட்டால் பசி இன்னும் போகும், பசி போனால் கொழுப்பு இன்னும் கரையும். தாயைப் பிரிந்தது, லாரிப் பயணம், வயிற்றில் பூச்சி எல்லாம் சேர்ந்து அம்முவின் பசியை முதலில் அடக்கியிருக்கின்றன. இப்போது பட்டினியே நோயாகிவிட்டது. "இந்த அளவு குதிரைக்கு ஒரு நாள் பட்டினி என்பது சாதாரண விஷயமில்லை" என்றார்.

பூச்சி மருந்தை அவர் அன்று கொடுக்கவில்லை. குட்டிகளின் குடலில் உருண்டைப் புழுக்கள் நிறைய இருந்து, அவை ஒரேயடியாகச் செத்தால் குடலையே அடைத்துவிடுமாம். ஈக்களால் பரவும் சர்ரா நோயாகவும் இருக்கலாம் என்று, பாலோட்டில் உள்ள கால்நடை நோய் ஆய்வு நிலையத்துக்கு ரத்தம் அனுப்பினார். அது இல்லை என்று பின்னால் தெரிந்தது.

மூக்கு வழியாக வயிற்றுக்கு மெல்லிய குழாய் இறங்கியது. கொழுப்பு நீக்கிய பால் பவுடரும் குளுக்கோஸும் கரைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, புனலில் தானாக இறங்கும்படி ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு அழுத்தக் கூடாது. ஒவ்வொரு முறையும் குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படுத்தே கிடந்தால் பக்கம் மாற்ற வேண்டும். வைக்கோல் நனையக் கூடாது. நோட்டுப் புத்தகத்தில் நேரம், உஷ்ணம், சிறுநீர், சாணம் என்று கோடு போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

சேட்டனும் மனைவியும் மகனும் முறை போட்டுக்கொண்டார்கள். நான் ரிட்டயர் ஆனவன், தூக்கம் குறைந்தவன். இரவு இரண்டு மணி, நாலு மணி என் பங்கு. மழை ஓட்டில் விழ, தலையை என் மடியில் வைத்துக்கொண்டு அம்மு படுத்திருக்கும். பால் இறங்குவது அதன் தொண்டைக்குப் பக்கத்தில் கையை வைத்தால் தெரியும். உருவம் பொம்மை போல இருந்தாலும், சின்னச் சத்தத்துக்கும் காதைத் திருப்பும் பயம் முழுக் குதிரையின் பயம்.

"ஒரு குதிரைக்கு இவ்வளவா?" என்று பார்க்க வந்த உறவினர் ஒருவர் அலுத்துக்கொண்டார். குழாயைக் கழுவிக்கொண்டிருந்த டாக்டர் நிமிராமலே, பாம்பு கடித்தால் நமக்குப் போடும் விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்துதான் வருகிறது என்றார். பாம்புக்கடியில் பிழைத்தவர்கள் இல்லாத தெரு இந்தப் பக்கம் கிடையாது. உறவினர் பேசவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலையில் வைக்கோலில் நாலைந்து உருண்டைகள் கிடந்தன. சாணத்தைப் பார்த்து ஒரு குடும்பம் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். அன்று மாலை ரத்தக் குழாயில் வெள்ளை குறைந்திருந்தது. ஐந்தாம் நாள் ஒரு கைப்பிடி கினிப் புல்லைத் தானாக இழுத்துத் தின்றது. பூச்சி மருந்து அதன் பிறகு, அளந்து அளந்து. கடைசியாக டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து, துணை. குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி, தனியாக நிற்பதே அதற்கு நோய். இன்னொரு குதிரை வாங்கும் தெம்பு சேட்டனுக்கு இல்லை. ஒரு வெள்ளாடு வந்தது. இரண்டும் ஒரே தொட்டியில் முகம் வைத்தன.

2019 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் குதிரைகளும் மட்டக் குதிரைகளும் சேர்ந்து சுமார் 3.4 லட்சம். 2012இல் 6 லட்சத்துக்கு மேல் இருந்தன. குதிரை குறையும்போது லாடக்காரர் போகிறார், குதிரைத் தீவனக் கடை போகிறது, அதன் வயிற்றுச் சத்தம் தெரிந்த காதுகளும் போகின்றன. அந்த இடைவெளியில் குட்டைக் குதிரை அழகுப் பொருளாக வந்து இறங்குகிறது. இப்போது யாராவது என்னிடம் வந்து அப்படி ஒன்று வாங்கலாமா என்று கேட்டால், விலையையோ இடவசதியையோ நான் விசாரிப்பதில்லை. நள்ளிரவில் கூப்பிட்டால் வந்து மூக்கில் குழாய் இறக்கத் தெரிந்தவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று மட்டும் கேட்கிறேன்.