எடையைக் குறைக்கும் கைகள்

கோவை கணபதியில் பம்ப்செட் உதிரிபாகப் பட்டறைகளுக்கு நடுவே, ஜீப் வேலைக்கென்றே ஒரு பட்டறை இருக்கிறது. ஆஃப்-ரோடு போட்டிகளுக்குப் போகும் ஜிப்ஸி, தார், பழைய மஹிந்திரா ஜீப் என்று வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். முன் பம்பர் செய்து வின்ச் மாட்டுவது இங்கே அன்றாட வேலை. சேற்றில் அச்சு வரை புதைந்த வண்டி, எதிரே இருக்கும் மரத்தில் கயிற்றைக் கட்டித் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு வெளியேற உதவுவது வின்ச். அதைத் தாங்குவது பம்பர். அந்தப் பம்பர் எப்படி உருவாகிறது என்று பார்க்கத்தான் போயிருந்தேன்.

அன்று வந்திருந்தது பொள்ளாச்சிப் பக்கத்து இளைஞர் ஒருவரின் மாருதி ஜிப்ஸி. வேறெங்கோ செய்த கனத்த பம்பரை மாட்டியிருந்தார். முன் ஸ்பிரிங் அமுங்கி, வண்டி தலை குனிந்து நின்றது. கழற்றித் தராசில் வைத்தார்கள்: 55 கிலோ. வின்ச் இன்னும் ஏறவேயில்லை.

பட்டறையின் மூத்த வெல்டர் சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே கணக்குப் போட்டார். ஜிப்ஸியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2,375 மி.மீ. முன் அச்சுக்கு 60 செ.மீ. முன்னால் 60 கிலோவை வைத்தால், முன் சக்கரங்களுக்கு ஏறுவது 60 கிலோ அல்ல, 75 கிலோ. அந்தக் கூடுதல் 15 கிலோ பின் சக்கரங்களிலிருந்து கழிகிறது. ஈர மண்ணில் ஏறும்போது பின் சக்கரம் பிடிமானம் இழந்து சுழல இதுவும் ஒரு காரணம். “வண்டிய இழுக்கறதுக்கு மாட்டற சாமானே வண்டியப் பொதைக்கக் கூடாதுங்க தம்பி” என்றார்.

இளைஞர் 12,000 பவுண்டு வின்ச் கேட்டார். வண்டியின் மொத்த எடையைப் போல் ஒன்றரை மடங்கு இழுவை வேண்டும் என்பது பொது விதி. ஆளும் சாமானும் ஏறிய ஜிப்ஸி அதிகபட்சம் 1,585 கிலோ. ஒன்றரை மடங்கு என்றால் சுமார் 2,380 கிலோ. ஆனால் வின்ச்சின் மேல் எழுதியிருக்கும் இழுவை, கயிறு உருளையில் முதல் சுற்றடுக்கில் இருக்கும்போது மட்டுமே கிடைக்கும். அடுக்கு ஏற ஏற இழுவை குறையும்; மேலடுக்கில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடும். 8,000 பவுண்டு என்பது 3,630 கிலோ. மூன்றில் ஒரு பங்கு போனாலும் 2,400 கிலோவுக்குக் குறையாது. அதுவே போதும் என்று முடிவானது. அதற்கு மேல் தேவைப்பட்டால் ஒரு கப்பி போதும்: கயிறு மரத்திலிருக்கும் கப்பி வழியாக வண்டிக்கே திரும்பி வந்தால் இழுவை ஏறக்குறைய இரட்டிக்கும், வேகம் பாதியாகும்.

அடுத்தது கயிறு. 9.5 மி.மீ. எஃகுக் கயிறு 28 மீட்டர் இருந்தால் 10 கிலோ வரும். அதே தடிமனில் செயற்கை இழைக் கயிறு 2 கிலோவைத் தொடாது. அறுந்தாலும் எஃகைப் போல வெறிகொண்டு வீசாது. ஆனால் கூர்விளிம்பில் உரசினால் அறுந்துவிடும், சூடு தாங்காது. அதனால் எஃகுக் கயிறு ஓடித் தழும்பேறிய பழைய உருளி வழிகாட்டியைக் கழற்றிவிட்டு, கயிறு நுழைய வழவழப்பான அலுமினிய வாய் மாட்டச் சொன்னார் வெல்டர். அதிலும் சில கிலோ மிச்சம்.

பம்பரையே அலுமினியத்தில் செய்யலாமே என்று கேட்டேன். அலுமினியத்தின் எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். பற்ற வைத்த இடத்தை ஒட்டி அதன் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வின்ச் இழுக்கும் பாரம் வந்து விழுவதோ சரியாக அந்தப் பற்றுகளின் மேல். “எனக்கு இரும்புதாங்க. ஆனா வேணுங்கற எடத்துல மட்டும்” என்றார்.

அவர் கலை முழுவதும் அந்த ‘வேணுங்கற எடத்துல’தான் இருக்கிறது. பாரம் கயிற்றிலிருந்து உருளைக்கும், அங்கிருந்து நான்கு போல்ட்டுகளுக்கும், அடித்தகட்டுக்கும், பக்கத் தகடுகள் வழியாகச் சேஸிஸுக்கும் போகிறது. இந்தப் பாதை முழுக்க 6 மி.மீ. தகடு. மற்ற இடமெல்லாம் 3 மி.மீ. தகடும் குழாயும். சக்கரத்துக்கு முன்னால் நீளும் இரு ஓரங்களையும் வெட்டியே விட்டார். எடையும் குறைந்தது, மேட்டில் முட்டாமல் சக்கரம் முதலில் ஏறவும் வழி கிடைத்தது. கப்பியிலிருந்து திரும்பும் கயிற்றை மாட்டும் கொக்கியைப் பம்பர் தோலில் வைக்காமல், சேஸிஸில் போல்ட் ஏறும் தகட்டிலேயே வைத்தார்.

பற்றவைப்பை அருகிலிருந்து பார்த்தேன். முதலில் மூலைக்கு ஒரு டாக், அதாவது தற்காலிகப் புள்ளிப் பற்று. பிறகு டேப்பைக் குறுக்காக வைத்து இரு மூலைவிட்டங்களையும் அளந்தார். ஒன்று 2 மி.மீ. கூடுதல். ஒரு டாக்கைக் கிரைண்டரில் அறுத்து, சுத்தியால் தட்டிச் சரிசெய்து மறுபடி வைத்தார். ஒரே ஓட்டமாக ஓட்டினால் சூட்டில் தகடு இழுத்துக்கொள்ளும். இடப்பக்கம் இரண்டு அங்குலம், வலப்பக்கம் இரண்டு அங்குலம் என்று மாற்றி மாற்றி ஓட்டினார். தாங்குதகட்டின் முனையில் பற்றை நிறுத்தாமல் சுற்றிக்கொண்டு வந்து முடித்தார். விரிசல் முனையில்தான் பிறக்கும் என்பது அவர் அனுபவம். முடிந்த பம்பர் தராசில் 22 கிலோ.

உடன் வேலை செய்த பையன் டாக் பிடிக்கும்போது முகமூடியில்லாமல் கண்ணை மட்டும் திருப்பிக்கொண்டான். மூத்தவர் அதட்டி முகமூடியை நீட்டினார். வெல்டிங் வெளிச்சம் பட்ட இரவு, கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். எந்தப் பட்டறையிலும் முதல் செலவு முகமூடிக்கே இருக்க வேண்டும்.

இந்த ஜிப்ஸி போட்டிக் களத்துக்கு லாரியில் போகிற வண்டி. சாலையில் ஓடும் வண்டிக்கு இப்படி மாட்டக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைத் தடுக்கிறது. முன்புறத் தடுப்புக் கம்பிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. நடந்துபோகிறவர் மேல் மோதினால் வளைந்துகொடுக்காத இரும்பு உயிரைக் குடிக்கும். காற்றுப்பை விரியும் நேரத்தையும் அது கெடுக்கக்கூடும். சாலை வண்டிக்குக் கேட்டு வருகிறவர்களை இந்தப் பட்டறை திருப்பி அனுப்புகிறது. வருமானத்தை விட்டுக்கொடுத்துச் செய்கிற காரியம் அது.

வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி ‘இதே மாதிரி’ என்கிறார்கள். கேட்க வேண்டியது வேறு: எத்தனை கிலோ வரும், பாரம் எந்த வழியாகச் சேஸிஸுக்குப் போகும், எந்தத் தகடு எத்தனை மி.மீ.? இந்தக் கேள்விகளுக்குத் தராசும் சாக்பீஸும் வைத்துப் பதில் சொல்லும் வெல்டர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். இழுத்துப் பார்த்துப் பலத்தை அளக்கும் இயந்திரங்கள் பொறியியல் கல்லூரிகளில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு பஸ் பயண தூரம். ஒரு மாதிரிப் பம்பரை அங்கே கொண்டுபோய், எங்கே கிழிகிறது என்று மாணவர்களும் வெல்டர்களும் சேர்ந்து பார்த்தால், அனுபவத்தில் சேர்ந்த அறிவு எண்ணாகப் பதிவாகும். அடுத்த பம்பரில் இன்னும் எங்கே குறைக்கலாம், எங்கே கூட்ட வேண்டும் என்று அளந்தே சொல்லலாம்.