கத்தரிக்காயும் உருவப் பிரச்னையும்

மேல்நாட்டுப் பாதிப்பு என்ற பேச்சு நம்மிடையே ஓய்வதாகக் காணோம். கவிதையைப் பற்றிப் பேச உட்கார்ந்து அரைமணி ஆவதற்குள் யாராவது ஒருவர் ‘இதெல்லாம் இங்கே முளைத்ததா?’ என்று கேட்டுவிடுகிறார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேட்பவரும் பதில் சொல்பவரும் விதை எங்கிருந்து வந்தது என்பதோடு நின்றுவிடுகிறார்கள். விளைந்ததை யார் சமைத்தார்கள், யார் சாப்பிட்டார்கள் என்ற விசாரணைக்குப் போவதில்லை. சித்தையன்கோட்டையில் என் வீட்டில் நான் செய்து பார்த்த ஓர் இத்தாலியப் பண்டத்தை முன்வைத்து இதைக் கொஞ்சம் யோசிக்கலாம் என்று தோன்றுகிறது.

பண்டத்தின் பெயர் பார்மிஜானா தி மெலன்ஸானே. கத்தரிக்காயைத் தகடுதகடாக அரிந்து, உப்பிட்டு நீர் வடித்து, எண்ணெயில் பொரித்து, தக்காளிக் குழம்பும் பாலாடைக்கட்டியும் வாசனை இலையும் மாற்றி மாற்றி அடுக்கி ஓவனில் வேகவைப்பார்கள். 1830களில் நேப்பிள்ஸில் வெளியான இப்போலிதோ கவல்காந்தியின் சமையல் நூலில் ஏறக்குறைய இதே அடுக்கு காணப்படுகிறது. பெயரில் வடக்கேயுள்ள பார்மா நகரம் ஒலித்தாலும் பண்டம் தெற்கத்தியது. நேப்பிள்ஸும் சிசிலியும் அதற்கு உரிமை கொண்டாடுகின்றன. பார்மாவின் பாலாடைக்கட்டியால் வந்த பெயர் என்பது ஒரு கட்சி. ஜன்னல் கதவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும் மரச்சட்டங்களைக் குறிக்கும் சிசிலியச் சொல்லிலிருந்து வந்தது என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டாவதன்மேல்தான் சாய்வு. அது பொருளை விட்டுவிட்டு உருவத்துக்குப் பெயர் வைக்கிறது.

காயின் பூர்வீகத்தைப் பார்த்தால் பாதிப்பு என்ற பேச்சே சற்று வேடிக்கையாகிவிடுகிறது. நம்முடைய பழைய பெயர் வழுதுணை. ஔவையின் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்றில் வரகுச் சோற்றுக்குத் துணையாக வருவதும் இதுதான். சமஸ்கிருதத்தில் வாதிங்கண, அதன் மூலம் திராவிடச் சொல்லே என்று மொழியியலாளர் சிலர் கருதுகிறார்கள். அது பாரசீகத்தில் பாதிங்கானாகவும் அரபியில் பாதிஞ்சானாகவும் உருமாறி ஐரோப்பாவுக்குப் போயிற்று. போர்த்துகீசியர் வாயில் பெரிஞ்ஜேலாவாகிக் கப்பலேறித் திரும்பி வந்து பிரிஞ்சால் ஆயிற்று. பி.ஏ. வகுப்பில் ஆங்கிலச் சொல் என்று நான் நம்பியிருந்தது ஊர் சுற்றி வந்த நம்முடைய பிள்ளை. இத்தாலியர்கள் இந்தக் காயை உடனே ஏற்றுக்கொண்டுவிடவும் இல்லை. அவர்கள் மொழியில் இதன் பெயரைப் பைத்தியக் கனி என்று பிரித்துப் பொருள் சொன்னவர்கள் உண்டு. 1891இல் முதல் பதிப்புக் கண்ட அர்தூசியின் சமையல் நூலில், நாற்பது வருஷங்களுக்கு முன்பு பிளாரன்ஸ் சந்தையில் இது அபூர்வம், யூதர்களின் உணவென்று இழிவாக எண்ணினார்கள் என்று ஒரு குறிப்பு வருகிறது. தக்காளியோ இரு தேசத்தாருக்கும் அமெரிக்கா கொடுத்தது. ஆக, இங்கே முளைத்தது எது என்று தேடினால் இத்தாலியனுக்கும் கையில் அதிகம் மிஞ்சாது. அவனுடையதாக மிஞ்சுவது அந்த அடுக்கு.

செய்முறையின் ஒவ்வொரு படியையும் ‘நீ எதற்கு?’ என்று கேட்டுப் பார்த்தேன். நம் சாம்பார்க் கத்தரி இதற்கு உதவாது. உருண்டையான பெரிய காய் வேண்டும். மதுரை விவசாயக் கல்லூரியில் கள்ளம்பட்டி நாட்டு ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்த எம்.டி.யு. 1 போன்ற, ஒன்று 200-250 கிராம் நிற்கிற காய் பொருந்தும். அம்மா கத்தரிக்காயை அரிந்ததும் தண்ணீரில் போடுவாள், இல்லாவிட்டால் கறுத்துப்போகும். இத்தாலியக்காரி உப்பைத் தூவிப் பலகையில் வைக்கிறாள். கசப்பு இறங்கட்டும் என்பது அவளுடைய நியாயம். இன்றைய காய்களில் அவ்வளவு கசப்பு கிடையாது. ஆனாலும் உப்பு காரியம் செய்கிறது. பஞ்சுபோன்ற சதையிலிருந்து நீரை இழுத்து அதை அமுக்கிவிடுவதால் காய் குறைவாக எண்ணெய் குடிக்கிறது. சொல்லிவந்த காரணம் போனபின்னும் வேறொரு காரணத்தில் நிற்கிற மரபு இது. யாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் கவனிக்கலாம்.

இலை விஷயத்தில் ஓர் ஆச்சரியம். கொல்லையில் கிடக்கும் திருநீற்றுப் பச்சிலையும் இத்தாலியர்களின் பாசிலிக்கோவும் ஒரே தாவர இனம். வாசனையில் சற்றே வித்தியாசம், அவ்வளவுதான். பதிலி என்று நினைத்துப் பறிக்கப் போனால் அசலே நிற்கிறது. ஓவன் கிடையாது. அதற்கு வழி சொன்னவர் எங்கள் தெருவில் கல்யாணப் பிரியாணி போடுகிற பாய். ‘கீழ தணல், மூடி மேல கங்கு. தம் போடுற மாதிரிதான தம்பி’ என்றார். தேங்காய்ச் சிரட்டைக் கரி அணைந்து சாம்பல் பூக்கும்வரை, முக்கால் மணி நேரம், கனத்த சட்டியில் தம் போட்டேன். மேலே பொன்னிறமாகத் தோல் கட்டியிருந்தது. ஓவன் செய்வதும் மேலும் கீழும் சூடு தருவதைத்தான்.

பிரச்னை பாலாடைக்கட்டியில்தான் வந்தது. சென்னை நண்பர் ஒருவர், எழுதுகிறவர், அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்திருந்தார். ‘இது இல்லையென்றால் அது அது இல்லை’ என்பது அவர் வாதம். பால், உப்பு, கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற உறை. குறைந்தது 12 மாதம் பழுக்கவேண்டும். வேறெதுவும் சேர்க்க அனுமதி இல்லை. அப்பா இறந்த பிறகு, நான்கு வருஷங்களாக, அம்மா கவுச்சி தொடுவதில்லை. சாப்பாடே குறைந்துபோயிற்று. இந்தப் பண்டத்தைச் செய்யக் கிளம்பியதற்கு, பல் போன வாய்க்கு மெத்தென்று எதையாவது கொடுக்கலாம் என்ற எண்ணமும் காரணம். சட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கும்போது வாசலிலிருந்து கேட்டாள்: ‘ஏப்பா, இதுல கவுச்சி எதும் சேருதா?’

சொல்லாமல் இருந்திருக்கலாம். நாக்கு அதைக் கண்டுபிடித்திருக்காது. மூலத்துக்கு விசுவாசம் என்று நாம் எழுதுகிற கட்டுரைகளில் எல்லாம் மூலம் ஒரு பக்கம், மொழிபெயர்ப்பாளன் ஒரு பக்கம் இருப்பார்கள். வாசலில் உட்கார்ந்து கேட்கிற ஆள் அந்தக் கட்டுரைகளில் வருவதில்லை. நான் துண்டை எடுத்து வைத்துவிட்டு, கொடைக்கானலில் செய்த, உறையில் பச்சைப் புள்ளி போட்ட சீஸைத் துருவினேன். ‘இல்லம்மா’ என்று சொன்னேன். அந்தச் சொல் உண்மையாக இருக்கவேண்டும் என்பது எனக்குப் பார்மாவைவிட முக்கியம். சிசிலியிலேயே வேறு பாலாடைக்கட்டி போட்டுச் செய்கிறவர்கள் உண்டு என்பது பிறகு சொல்லிக்கொள்கிற சமாதானம். முடிவு அதனால் எடுத்ததல்ல.

அம்மாவின் அபிப்ராயம் நம் விமர்சனங்கள் பலவற்றைவிடச் சுருக்கம். ‘நல்லாத்தான் இருக்கு. ஆனா தனியா நிக்குது. சோத்தோட சேரமாட்டேங்குது.’ இதைவிடச் சரியாக யாரும் சொல்லமுடியாது. நம்மிடம் காய் சோற்றுக்குத் தொடுகறி. சோறுதான் வாக்கியம், காய் அதில் ஓர் அடைமொழி. அங்கே காய் தானே முழு வாக்கியமாக நிற்கிறது. பொருள்களையெல்லாம் மாற்றியும் இந்தத் தனித்து நிற்கிற குணம் மாறாமல் வந்து சேர்ந்திருந்தது என்பதில் எனக்குத் திருப்தி. மறுநாள் காலை மிச்சத்தைப் பழைய சோற்றில் பிசைந்து, வழக்கத்தைவிட இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டாள். ‘இன்னைக்குச் சேருது’ என்றாள். இந்தப் பண்டம் ஆறி, இரவு கழிந்தால்தான் அடுக்குகள் ஒன்றோடொன்று இணங்கும் என்று இத்தாலியர்களும் சொல்கிறார்கள். ஆனால் பழைய சோறு அவர்கள் யோசிக்காதது.

நண்பரிடம் சொன்னபோது ‘பெயரை மாற்றிவிடு’ என்றார். பாலாடைக்கட்டியின் பெயருக்கு வழக்கு உண்டு. பார்மிஜானோ ரெஜ்ஜானோ அல்லாததை ‘பார்மெசான்’ என்று விற்பது தகாது என்று 2008இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கத்தரிக்காய் அடுக்குக்கு அப்படிக் காவல் கிடையாது. உருவங்களுக்குக் காவல் போடமுடியாது என்பதால்தான் அவை நாடு விட்டு நாடு வருகின்றன. வந்த உருவத்தை வாங்கிக்கொண்டவன் எதை விட்டான் என்று பட்டியல் போடுவது சுலபம். யாருக்காக விட்டான் என்று கேட்டுவிட்டுப் பட்டியலை எடுத்தால், நம் கவிஞர்களில் சிலர் தேறுவார்கள், பலர் தேறமாட்டார்கள். விட்டது தெரியாமலே விட்டவர்கள் அவர்கள்.

நண்பர் கொடுத்த துண்டு வீணாகவில்லை. இரவில் வங்கி வேலை, எழுத்து வேலை எல்லாம் முடிந்தபின் ஒரு சீவல் எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறேன். அபாரமான ருசி, எந்தப் பதிலியாலும் தரமுடியாதது. குவாசிமோதோவை ஆங்கிலத்தில் இத்தனை வருஷம் படித்தாயிற்று. இத்தாலி மொழிப் பாடப்புத்தகம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.