துளசேந்திரபுரத்திற்கு வந்த தேர்தல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் மன்னார்குடித் தாலுகாவுக்கு ஒரு வோட்டேனும் உண்டோவெனின், இல்லை. எனினும் 2020-ஆம் ஆண்டிலும் 2024-ஆம் ஆண்டிலும் அத்தேர்தல் அத்தாலுகாவைச் சேர்ந்த துளசேந்திரபுரம் என்னும் சிற்றூருக்கு வந்தேவிட்டது. இவ்வூர் இன்று திருவாரூர் ஜில்லாவைச் சேர்ந்ததாயினும், பழைய தஞ்சைச் சீமையின் நெல்வயல்களுக்கு நடுவே உள்ளது. சென்னையினின்றும் ஏறக்குறைய 320 கிலோமீட்டர் தொலைவு. இங்குள்ள தர்மசாஸ்தா கோயிலையும் தெருவையும் பல தேசத்துப் பத்திரிகைகளும் படம் பிடித்துச் சென்றன. காரணம் யாவரும் அறிந்ததே. கமலா ஹாரிஸ் அம்மையாரின் தாய்வழிப் பாட்டனார் பி. வி. கோபாலன் இவ்வூர்க்காரர்.

கோபாலனார் அரசாங்க உத்தியோகத்தின்பொருட்டு ஊரைவிட்டு நீங்கியவர். அவர் மகளார் சியாமளா சென்னையிற் பிறந்து, தில்லியிற் பயின்று, 1958-ஆம் ஆண்டில், தமது பத்தொன்பதாம் வயதில், கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி சருவகலாசாலைக்குத் தனியே சென்றார். பின்னர் மார்பகப் புற்றுநோய் பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டு, 2009-ஆம் ஆண்டிற் காலமானார். கமலா பிறந்தது 1964-ஆம் ஆண்டில், ஓக்லண்டு நகரில். தந்தையார் டொனால்டு ஹாரிஸ் ஜமைக்காத் தீவினர்; பொருளாதாரப் பேராசிரியர். ஆகவே கமலாவும் துளசேந்திரபுரத்திற் பிறந்தவரல்லர்; அவர் அன்னையாரும் அங்குப் பிறந்தவரல்லர். இவ்விரு தலைமுறைத் தொலைவைப் பத்திரிகைகள் பலவும் ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டன. நமக்கோ, பாட்டனாரைக் காட்டிலும், நமது வயதிலேயே கடல் கடந்த அப்பெண்மணியின் துணிவே பெரிதாகத் தோன்றிற்று. அந்நாளில் நம் சீமையில் எத்தனை பெண்கள் பள்ளியிறுதி வகுப்பேனும் தேறியிருப்பர்? அவரைப்பற்றி ஒரு பத்திக்குமேல் எழுதிய பத்திரிகைகள் நம் கண்ணிற் பட்டவற்றுட் சிலவே.

எழுத்தாளர்கள் வேண்டியது வேறு. நாம் இரு தேர்தல்களின் செய்திகளையும் கல்லூரி நூல்நிலையத்தில் ஒருங்கே வைத்துப் பார்த்தோம். நான்காண்டு இடைவெளியிருந்தும் படங்கள் மாறவில்லை: கமலா அம்மையாரின் உருவம் பொறித்த பெரும் பதாகை; கோயிலில் அபிஷேகம்; நன்கொடையாளர் வரிசையில் அவர் பெயரும் பொறிக்கப்பட்ட கல். 2020-இல் வாயிற்கோலம் ஒன்று மிகுதி. கோலத்தில் வாழ்த்துரை ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. படம் யார் கண்ணுக்காக எடுக்கப்படுகிறது என்பதை ஊரார் நன்கறிந்திருந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? பட்டணத்து விமரிசகர் சிலர் இவ்வூராரை ஏதுமறியாதார் என நகையாடியது நமக்குச் சிறிதும் உடன்பாடன்று. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாமை தஞ்சை வழக்கம். வந்தவர் கேட்டது படமாதலின் படம் கொடுத்தனர்.

தமிழ் மாணவராகிய நமக்கு இக்கதையிற் சுவைமிக்க பகுதி ஒரு சொல்லே. 2020 ஆகஸ்டு 19-ஆம் நாள், துணைத் தலைவர் பதவிக்குத் தம் கட்சியின் நியமனத்தை ஏற்றுப் பேசுகையில், தம் குடும்பத்தாரை எண்ணிச் சொல்லும்போது கமலா அம்மையார் ‘சித்தி’ என்னும் சொல்லை வழங்கினார். அன்றிரவே அமெரிக்கப் பத்திரிகைகள் அதன் பொருளைத் தேடத் தொடங்கின. அன்னையின் தங்கை சித்தி, அக்காள் பெரியம்மா, தந்தையின் உடன்பிறந்தாள் அத்தை, மாமன் மனைவி மாமி என்று நாம் பிரித்து வைத்த உறவுகள் அனைத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். அவ்வொரு சொல்லே போதுமென்று அவர் கருதவில்லை. எழுதிக் கொடுத்ததைப் படிக்கும் தேர்தற் பேச்சில் இஃது உள்ளத்தினின்று வந்ததோ, வோட்டுக்காக வந்ததோ என்று வாதிட்டோர் பலர். இரண்டுமாயிருக்கலாகாதா?

அபிஷேகத்தைக் குறித்தும் ஒரு சொல். கமலா ஹாரிஸ் பாப்டிஸ்டு சபையைச் சேர்ந்தவர். சிறுபிராயத்தில் அன்னையார் அவரைக் கிறிஸ்தவ ஆலயத்துக்கும் இந்துக் கோயிலுக்கும் அழைத்துச் சென்றதுண்டு. ஒரு கிறிஸ்தவ மாதின் வெற்றிக்காகச் சாஸ்தாவுக்குப் பாலாபிஷேகமா என்று நம் சபையாருட் சிலர் முறுவலித்தனர். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் எல்லாச் சமயத்தாரும் நேர்ந்துகொண்டு செல்லும் நாட்டில் இதில் வியப்பதற்கு யாதுளது?

இப்பெருமை நம் ஊருக்கு மட்டும் உரியதுமன்று. பராக் ஒபாமாவின் தந்தையார் ஊராகிய கென்யா தேசத்துக் கோகேலோ 2008-ஆம் ஆண்டிலேயே இவ்வழியிற் சென்றது. 2024-இல் எதிர்க்கட்சியின் துணைத் தலைவர் அபேட்சகரான ஜே. டி. வான்ஸின் மனைவியார் உஷாவின் முன்னோர் ஆந்திர தேசத்து மேற்குக் கோதாவரி ஜில்லாவிலுள்ள வட்லூரினர். அங்கும் பூசை நடந்தது. காவிரிக் கழனியொன்றும் கோதாவரிக் கழனியொன்றும் அமெரிக்கத் தேர்தலில் எதிரெதிர் அணியில் நின்ற விந்தையை நம் பாட்டன்மார் கனவிலும் கண்டிரார்.

இனி நம் மனத்தை உறுத்திய பகுதிக்கு வருவோம். 2024 ஜூலை 21-ஆம் நாள் ஜோ பைடன் போட்டியினின்று விலகினார். மறுநாள் முதலே மோட்டார் வண்டிகள் துளசேந்திரபுரத்தை நோக்கி விரைந்தன. அந்நாள்களில் நம் சீமையின் பெருஞ்செய்தி வேறொன்று. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஆம் நாள் கடந்து ஒரு திங்களுக்கு மேலாகியும் திறக்கப்படவில்லை. நீர் போதாமை காரணம். பம்புசெட்டு உடையவர் குறுவை நட்டனர். ஆற்றை நம்பியவர் வானத்தைப் பார்த்திருந்தனர். ஜூலை 28-ஆம் நாளே அணை திறக்கப்பட்டது. அங்கு விட்ட நீர் கல்லணையைக் கடந்து கடைமடையைச் சேர மேலும் பல நாள்களாகும்.

நமது சிற்றப்பா மன்னார்குடிக்கு அண்மையில் ஒன்பது மா நிலம் சாகுபடி செய்பவர். அவ்வாரத்தில் ஒரு தொலைக்காட்சியார் அவரைச் சாலையோரத்தில் நிறுத்தி, கமலா அம்மையார் வெல்வாரா என்று வினவினர். “வெல்லட்டும், நம்ம ஊர்ப் பொண்ணுதானே, ஆத்துல தண்ணி எப்ப வரும்னு உங்களுக்குத் தெரியுமா தம்பி?” என்றார் அவர். அன்றிரவு வீட்டார் அனைவரும் கூடிப் பார்த்தோம். முதற்பாதி வந்தது, பிற்பாதி வரவில்லை. பின்னணியிற் பாமணியாற்றின் வறண்ட மணல் மட்டும் சிறிது தெரிந்தது. பின்வந்த வாரங்களிற் பென்சில்வேனியாவின் 19 தேர்வாளர்களைப் பற்றியும், மொத்தம் 538-இல் 270 பெறுவது எவ்வாறு என்பதைப் பற்றியும் நம் வீட்டுச் சிறுவர்களும் தெளிவாக விளக்கக் கற்றனர். கற்றது நன்றே. நம் ஆற்றின் முறைப்பாசனத்தை அவ்வாறு விளக்குவார் ஒருவரையும் அத்திரையிற் கண்டிலேம்.

இச்சீமைக்குப் பத்திரிகை புதிதன்று. திருவையாற்றிற் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர் 1878-ஆம் ஆண்டில் ‘ஹிந்து’வைத் தொடங்கினவருள் முதன்மையானவர், 1882-ஆம் ஆண்டில் ‘சுதேசமித்திர’னைத் தொடங்கினார். ‘ஹிந்து’ பிறந்த காரணம் இங்கு நினைக்கத்தக்கது. தஞ்சை ஜில்லாவினரான டி. முத்துசாமி ஐயர் சென்னை ஹைகோர்ட்டு நீதிபதியாக நியமிக்கப்பட்டதை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் இகழ்ந்து எழுதின. அதற்கு மறுமொழி எழுத ஒரு பத்திரிகை வேண்டுமென்று இளைஞர் அறுவர் துணிந்தனர். அறுவரில் நால்வர் சட்ட மாணவர். பிறர் நம்மைப்பற்றி எழுதும் வாக்கியத்தின் பிற்பாதியை நாமே எழுதிக்கொள்ளவேண்டும் என்பது அவர்கள் கருத்துப் போலும்.

அமெரிக்கத் தேர்தலோடு தஞ்சைக்கு மற்றுமொரு தொடர்புண்டு. அதைப் படம் பிடிக்க அயல்நாட்டார் வந்ததாக நாம் கேள்விப்படவில்லை. 2016-ஆம் ஆண்டில் தஞ்சாவூர்ச் சட்டசபைத் தொகுதியின் தேர்தல், வோட்டர்களுக்குப் பணம் வழங்கப்பட்டதன் காரணமாக, அரவக்குறிச்சியின் தேர்தலோடு மே மாதத்தில் ரத்துச் செய்யப்பட்டது. மறுதேர்தல் நவம்பர் 19-ஆம் நாள். அதற்குப் பதினொரு நாள் முன்னர், நவம்பர் 8-ஆம் நாள் இரவு, 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லா என்ற அறிவிப்பு வந்தது. அதே நாளில் அமெரிக்காவில் வோட்டெடுப்பு. டொனால்டு டிரம்ப் முதன்முறை வென்றார். பணத்தால் தேர்தல் நின்ற ஊர், அப்பணமே செல்லாத வாரத்திற் பிரசாரம் கண்டது. நம்மூர்த் திண்ணைகளில் அந்நாளில் டிரம்ப்பைப் பற்றிப் பேசினார் எவருமிலர். யாவரும் பாங்கு வாயிலில் நின்றிருந்தனர்.

2024 நவம்பர் 5-ஆம் நாள் நடந்த தேர்தலில் டிரம்ப் 312 தேர்வாளர்களையும் கமலா ஹாரிஸ் 226 தேர்வாளர்களையும் பெற்றனர். வண்டிகள் வந்த வழியே திரும்பின. துணைத் தலைவராயிருந்த நான்காண்டுகளில் அம்மையார் இந்தியாவுக்கே வந்தாரல்லர்; அதைக் குறையாகச் சொன்னாரை அவ்வூரில் நாம் மிகுதியாகக் காணவில்லை. பாட்டனாரே விட்டுப்போன ஊரைப் பேர்த்தி நினைத்ததே போதுமென்றனர்.

அம்மாத இறுதியிற் பெய்த மழையில் ஜில்லாவெங்கும் சம்பாப் பயிர் நீரில் நின்றது. சிற்றப்பாவின் ஒன்பது மாவில் ஆறு மா மூழ்கிற்று. உள்ளூர் நிருபர் ஒருவர் மோட்டார் சைக்கிளை வரப்பருகே நிறுத்தி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றிலிறங்கி, எத்தனை மா, எத்தனை நாட் பயிர் என்று கேட்டுச் சிறு குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். மறுநாட் பத்திரிகையின் உட்பக்கத்தில் நான்கு வரி வந்தது. மாக்கணக்குப் பிழையின்றி இருந்தது.